தரை மினுங்குது, சுவர் அறுபடுது: வீட்டு 3டி மாடலைச் சரிசெய்யும் வழி

தரை டைல்ஸ் மினுமினுவென்று துடிக்கும். ஹாலுக்குள் கேமராவைக் கொண்டுபோனால் சுவர் பாதியில் அறுந்து பக்கத்து அறைக் கட்டில் தெரியும். நேற்று ஒழுங்காக இருந்த மாடல் இன்று சுழற்றினால் நடுங்கும். எது நடந்தாலும் முதல் பழி கிராஃபிக்ஸ் கார்டின் மேல்தான் விழுகிறது. காசு போட்டுப் புது கார்டு மாற்றிய பிறகும் அதே தரை அதே மாதிரி துடிக்கும். திரைக் கோளாறு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மாடலுக்குள் இருக்கும் கோளாறுதான். திரை அதை உள்ளபடி காட்டிக்கொண்டிருக்கிறது.

கீழே வருபவை பெரும்பாலும் ஸ்கெட்ச்அப் என்ற 3டி வரைகலை மென்பொருளை வைத்துச் சொன்னவை. வீட்டு வரைபடத்துக்கான மற்ற மென்பொருட்களான ஸ்வீட் ஹோம் 3டியிலோ ஆட்டோகேடிலோ வழி வேறுபடும் இடத்தில் அதையும் சேர்த்திருக்கிறோம்.

முதலில் ஒரு சோதனை. புதிதாக ஒரு காலி ஃபைல் திறந்து, ஆரம்பப் புள்ளியிலேயே (மூன்று அச்சும் சந்திக்கும் இடம்) 10 அடிக்கு ஒரு பெட்டி வரைந்து சுழற்றிப் பாருங்கள். பெட்டி சுத்தமாகத் தெரிந்தால் கணினி மேல் குற்றமில்லை. கோளாறு உங்கள் ஃபைலில். பெட்டியும் கிழிந்து தெரிந்தால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் டிரைவரை அழித்துப் போடுவதில் அரை நாள் போகும்.

அடி, அங்குலம், மீட்டர்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு மனைக்கு வரைபடம் தயாராகும்போது மூன்று அளவுமுறை ஒன்றாக வந்து சேரும். எஃப்எம்பி (அரசு நில அளவைப் படம்) மீட்டரில் இருக்கும். மனை சென்ட்டில் பேசப்படும்; ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வேலை நடப்பது அடி அங்குலத்தில். மேஸ்திரி போனில் "பத்தடி ஆறு, தம்பி" என்பார். இந்தப் பக்கம் தாளில் 10.6 என்று ஏறும். அதை அப்படியே ஸ்கெட்ச்அப்பில் தசம அடியாகத் தட்டினால் கிடைப்பது 10 அடி 7.2 அங்குலம். ஒன்றேகால் அங்குலம்தானே என்று விட்டுவிடலாம் போலத் தோன்றும். "ஒன்பதடி பத்து" 9.10 ஆனால் கதை வேறு. மென்பொருளுக்கு அது 9 அடி 1.2 அங்குலம், ஏறக்குறைய 9 அங்குலம், ஒரு முழுச் சுவர் கனமே காணாமல் போகிறது. பிறகு அறை மூடவில்லை, கதவு சுவருக்குள் புதைகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாடல் இன்ஃபோவில் யூனிட்ஸ் போய் ஆர்க்கிடெக்சுரல் வைத்து, 10'6 என்று அடிக்குறி போட்டே தட்டுங்கள். தாளிலும் புள்ளி வைக்காமல் 10'-6" என்றே எழுதிப் பழகுவது நல்லது.

அதே யூனிட்ஸ் பக்கத்தில் லென்த் ஸ்னாப்பிங் என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கோடு தானாகவே அருகிலுள்ள முழு அளவுக்குத் தாவி நிற்கும். சாய்வாக உள்ள மனையில் மூலைகள் மயிரிழை விலகும். பிரசிஷனை 1/16 அங்குலத்தில் வைத்து அளவெடுக்கும்போது எண்ணுக்கு முன்னால் ~ குறி வந்தால், உண்மை அளவு காட்டும் எண்ணுக்குச் சற்று முன்பின் என்று பொருள். 9 அங்குலச் சுவரில் ~ தெரிந்தால் அது 9 அங்குலம் இல்லை.

வெளியிலிருந்து வந்த டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வரைபட) ஃபைல் எந்த யூனிட்டில் இருக்கிறது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. தலைவாசலை அளந்து பாருங்கள். மூன்றரை அடி வாசல் 42 என்று வந்தால் அங்குலம், 3.5 என்றால் அடி, 1067 என்றால் மில்லிமீட்டர், 1.067 என்றால் மீட்டர். இம்போர்ட் ஆப்ஷனில் அந்த யூனிட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். மில்லிமீட்டர் ஃபைலை அங்குலமாகத் திறந்தால் வீடு 25.4 மடங்கு பெருத்து நிற்கும். மீட்டர் ஃபைலை மில்லிமீட்டராகத் திறந்தால் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கி, திரையில் எதுவும் வரவில்லை என்றே நினைக்க வைக்கும். தவறான அளவில் ஏற்கெனவே வேலை செய்துவிட்டால் டேப் மெஷரை எடுத்து, தெரிந்த ஒரு நீளத்தின் இரு முனையையும் கிளிக் செய்து, சரியான அளவைத் தட்டி எண்டர் அடியுங்கள். மாடலின் அளவை மாற்றவா என்று கேட்கும், சம்மதியுங்கள். ஒரு குரூப்பை (ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய பாகம்) திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்தால் அந்த குரூப் மட்டும்தான் மாறும்.

ஸ்வீட் ஹோம் 3டியில் ஸ்கேன் செய்த பிளானைப் பின்னணிப் படமாக வைத்து வரைகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஸ்கேல் கோடு. 60 அடி அகலப் பிளான் 1600 பிக்சலில் இருக்கிறது என்று வையுங்கள். மூன்றடிக் கதவின் மேல் கோடு போட்டால் அது 80 பிக்சல். கை இரண்டு பிக்சல் நகர்ந்தாலே இரண்டரை சதவீதப் பிழை. 60 அடிக்கு அது ஒன்றரை அடி. அதே இரண்டு பிக்சல், கோட்டை 60 அடிக்கும் இழுத்திருந்தால், ஓர் அங்குலம்கூட வராது. இருப்பதிலேயே நீளமான தெரிந்த அளவை எடுங்கள், பிறகு குறுக்கு வாட்டத்தில் வேறொரு அளவைச் சரிபாருங்கள். குறுக்கே அளவு ஒத்துவரவில்லை என்றால் படம் செல்போனில் சாய்த்து எடுத்தது. அதைத் திருத்த முயல வேண்டாம், தட்டையாக ஸ்கேன் செய்யுங்கள்.

மாடல் நடுங்கினால்

இது கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம். இதற்குத்தான் அதிகம் கார்டு மாற்றுகிறார்கள்.

டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் எடுத்த சர்வே ஃபைல் பெரும்பாலும் யூடிஎம் ஆயத்தொலைவில் வரும். பூமியை மண்டலங்களாகப் பிரித்து, இடத்தைக் கிழக்கு, வடக்கு என்று மீட்டரில் சொல்லும் முறை அது. நம் கடற்கரை 44ஆம் மண்டலத்தில் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஒரு மனையின் வடக்கு அளவு 10 லட்சம் மீட்டருக்கு மேல், கிழக்கு அளவு 3 லட்சம் மீட்டருக்கு மேல். அதாவது மென்பொருளின் ஆரம்பப் புள்ளியிலிருந்து உங்கள் வீடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. மென்பொருள் கணக்கைத் துல்லியமாகவே வைத்திருக்கும். படம் வரையும் கார்டோ வழக்கமாக 32 பிட் எண்ணில்தான் வேலை செய்யும். அதில் கிட்டத்தட்ட ஏழு இலக்கம்தான் நம்பகமானது. 10.26 லட்சம் மீட்டர் என்ற இடத்தில் அடுத்தடுத்து எழுதக்கூடிய இரண்டு எண்களுக்கு இடைவெளி 6.25 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலம். நாலரை அங்குலச் சுவரின் இரு பக்கமும் இரண்டரை அங்குலப் படிகளில் எந்தப் பக்கம் ஒட்டுவது என்று தாவித் தாவி விழும். அந்தத் தாவல்தான் கண்ணுக்கு நடுக்கமாகத் தெரிகிறது. வடக்கே தொண்டிப் பக்கம் போனால் இன்னும் மோசம்: 10,48,576 மீட்டரைத் தாண்டியதும் அந்த இடைவெளி இரட்டித்து 12.5 சென்டிமீட்டர் ஆகிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த கார்டானாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆட்டோகேடிலேயே சரிசெய்துவிட்டு வருவது சுத்தம். மனையின் ஏதாவது ஒரு சர்வே கல்லைப் பிடியுங்கள். அதன் கிழக்கு, வடக்கு அளவை முதலில் எழுதி வையுங்கள். பின்னால் மனையில் கல் நட டோட்டல் ஸ்டேஷன்காரர் கேட்கப்போவது அதைத்தான். பிறகு எல்லாவற்றையும் செலக்ட் செய்து, மூவ் கட்டளையில் அந்தக் கல்லை அடிப்புள்ளியாக வைத்து 0,0க்கு நகர்த்தி, வேறு பெயரில் சேமியுங்கள். ஸ்கெட்ச்அப் இம்போர்ட்டில் பிரிசர்வ் டிராயிங் ஆரிஜின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

நகர்த்திய பிறகும் நடுங்கினால், மாடல் முழுவதையும் திரைக்குள் காட்டும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் அழுத்திப் பாருங்கள். வீடு ஒரு புள்ளியாகச் சுருங்கினால் எங்கோ தூரத்தில் ஒரு துண்டுக் கோடோ எழுத்தோ கிடக்கிறது. எல்லா டேக்குகளையும் (மாடலின் பகுதிகளைப் பிரித்து மறைக்கவும் காட்டவும் உதவும் லேயர்கள்), மறைந்த ஜியோமெட்ரி, மறைந்த ஆப்ஜெக்ட் இரண்டையும் காட்டச் சொல்லி, கன்ட்ரோல் ஏ அடித்து, ஷிஃப்ட்டைப் பிடித்தபடி வீட்டைச் சுற்றி இழுத்து அதை மட்டும் தேர்விலிருந்து விடுவித்து, மிச்சத்தை டெலீட் செய்யுங்கள்.

பரப்பு மூடவில்லை, ஜன்னல் துளைக்கவில்லை

நாலு பக்கமும் கோடு போட்டாகிவிட்டது, ஃபேஸ் (கோடுகளுக்கு நடுவே நிரம்பும் பரப்பு) மட்டும் வரவில்லை. காரணம் இரண்டில் ஒன்று: மூலையில் இடைவெளி, அல்லது ஏதோ ஒரு கோடு மற்றவற்றின் மட்டத்தில் இல்லை. ஸ்டைல்ஸில் எட்ஜ் பகுதிக்குப் போய் எண்ட்பாயிண்ட்ஸை ஆன் செய்தால் ஒவ்வொரு கோட்டு முனையும் தடித்துத் தெரியும்; கோட்டின் நடுவில் தடிப்பு இருந்தால் அங்கே ஒட்டு இருக்கிறது. கலரை பை ஆக்சிஸ் என்று மாற்றினால் அச்சுக்கு இணையான கோடுகள் சிவப்பு, பச்சை, நீலமாகும். நேராக இருக்க வேண்டிய கோடு கறுப்பாகவே நின்றால் அதுதான் ஆள். இதிலும் பிடிபடவில்லை என்றால் அறையை மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு இரண்டாக்குங்கள். ஒரு பாதி மூடும், மறு பாதி மூடாது. மூடாத பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். நாலைந்து முறையில் ஓட்டை எங்கே என்று கைக்கு வந்துவிடும்.

ஆட்டோகேடிலிருந்து வரும் கோடுகளில் மட்டக் கோளாறு சகஜம். சர்வே புள்ளிகளுக்கு உயரம் இருக்கும்; ஒரு முனை தரையில், மறுமுனை அரையடி மேலே. மேலிருந்து பார்த்தால் மூலை சேர்ந்ததுபோலவே இருக்கும். ஃபிளாட்டன் (ஒரே மட்டமாக்க), ஓவர்கில் (இரட்டைக் கோடுகளை நீக்க), பர்ஜ் (பயன்படாதவற்றைக் களைய) என்று இந்த வரிசையில் மூன்று கட்டளை ஓட்டிவிட்டு எடுத்து வாருங்கள்.

ஜன்னல் காம்போனென்ட் (தயாராக வைத்திருக்கும் ஜன்னல் மாதிரி) தானாக வெட்டுவது ஒரு ஃபேஸை மட்டும். 9 அங்குலச் சுவருக்கு உள்முகம், வெளிமுகம் என்று இரண்டு உண்டு. வெளியே ஜன்னல், உள்ளே மொட்டைச் சுவர் என்று நிற்பது இதனால்தான். ஜன்னல் அளவுக்குச் செவ்வகம் வரைந்து புஷ்/புல் கொண்டு எதிர்முகத்தில் 'ஆன் ஃபேஸ்' என்று காட்டும்வரை தள்ளினால் துளை விழும். விழாமல் பெட்டிபோல நின்றால் இரு முகமும் இணையாக இல்லை. கீழக்கரையில் பழைய முற்றம் வைத்த வீடுகளை அளந்து வரைகிறவர்களுக்கு இது தவறாமல் வரும். சுண்ணாம்புச் சுவர் ஒரு முனையில் 18 அங்குலம், மறு முனையில் 17¼ என்று இருக்கும். அளந்தபடியே வரைந்தால் ஒரு ஜன்னலும் துளைக்காது. நம் யோசனை: மாடலில் 18 என்று இணையாக வரைந்துவிட்டு, உண்மை அளவைப் பிளானில் எழுதிவிடுங்கள். கட்டாயம் கோணலாகவே வேண்டுமானால் ஜன்னல் செவ்வகத்தை உள்முகத்திலும் தனியே வரைந்து, இரண்டையும் அழித்து, நாலு மூலையையும் கோட்டால் இணைத்து ஓரங்களை மூட வேண்டும்.

ஸ்வீட் ஹோம் 3டியில், நீங்களாக இம்போர்ட் செய்த ஜன்னல் சுவரை வெட்டவில்லை என்றால், இம்போர்ட்டின்போது 'கதவு அல்லது ஜன்னல்' என்ற டிக் விடுபட்டிருக்கும். பொருளின் ஒரு பக்கம் மட்டும் மாயமானால் அங்கேயே பின்முகத்தைக் காட்டச் சொல்லும் டிக்கைப் போடுங்கள். மாடியில் தரை இல்லாமல் வீடு பிளந்து தெரிந்தால் அந்த லெவலில் சுவர் மட்டும் வரைந்து அறையை வரையாமல் விட்டிருக்கிறீர்கள். அறை வரையும் கருவியை எடுத்து, சுவர்களுக்கு நடுவே டபுள் கிளிக் செய்தால் அறை உருவாகும். உருவாகவில்லை என்றால் சுவர் முனைகள் சேரவில்லை.

ஸ்கெட்ச்அப்பில் ஃபேஸின் முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் நீலச்சாம்பல். ரெண்டரிங்கில் சுவர் கறுத்தோ காணாமலோ போனால் மோனோக்ரோம் ஸ்டைலில் சுற்றிப் பாருங்கள். நீலச்சாம்பல் வெளியே தெரியும் ஃபேஸ் எல்லாம் தலைகீழ். வலது கிளிக்கில் ரிவர்ஸ் ஃபேசஸ். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

மினுங்கலும் அறுபடுதலும்

ஒரே மட்டத்தில் இரண்டு பரப்பு இருந்தால் எது முன்னால் என்று கார்டுக்குத் தெரியாது. ஒவ்வொரு பிக்சலிலும் ஒன்றை மாற்றி மாற்றிக் காட்டும். ஸ்லாப் மேல்முகமும் டைல்ஸும், மணலும் ரோடும், சுவரும் அதன்மேல் ஒட்டிய கிளாடிங்கும் இப்படி மோதும். ஒன்றை அழித்துவிட்டு மற்றதற்கே டெக்ஸ்ச்சர் கொடுப்பது சிறந்தது. இரண்டும் வேண்டுமென்றால் கனம் கொடுங்கள். ஒரு மில்லிமீட்டர் தூக்கிவைப்பது கிட்டே பார்க்க உதவும், தூரத்திலிருந்து மறுபடி மினுங்கும். வெளித்தோற்றத்தில் ரோடும் மணலும் என்றால் 4 அங்குலமாவது விடுங்கள். இரண்டு முறை பேஸ்ட் ஆன குரூப்பும் மினுங்கும்; நகர்த்திப் பார்த்தால் அடியில் இன்னொன்று இருக்கும்.

சுவர் அறுபடுவது வேறு காரணத்தால். கேமராவுக்கு எவ்வளவு கிட்டே உள்ளதை வரையத் தொடங்குவது என்று மென்பொருள் முடிவு செய்வது மாடலின் மொத்தப் பரப்பைப் பார்த்து. பாம்பனிலோ மண்டபத்திலோ கடலைப் பார்த்த வீடு என்றால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நீலத் தகடு விரித்துவிடுவார்கள். அதன் பிறகு படுக்கையறைக்குள் நுழைந்தாலே சுவர் அறுபடும். கடலை 300 அடியோடு நிறுத்தி, அதற்கப்பால் தொடுவானம் தெரியும் ஒரு பின்னணிப் படம் போதும். அல்லது கடலைத் தனி ஃபைலில் வையுங்கள். டேக்கை மறைப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பேரலல் புரொஜெக்‌ஷனில் அறுபட்டால் பெர்ஸ்பெக்டிவுக்கு மாற்றி ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் அடித்தால் சரியாகும். சின்ன அறைக்குள் ஃபீல்டு ஆஃப் வியூவை 35லிருந்து 55 டிகிரிக்கு உயர்த்துங்கள். கேமராவைச் சுவருக்குள் நுழைக்கும் தேவையே வராது.

நிழல் பொய் சொன்னால்

ஸ்கெட்ச்அப்பின் இயல்பான ஊர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து போல்டர், ஏறக்குறைய 40 டிகிரி வடக்கு. அதை மாற்றாமல் சன்ஷேட் நிழலைக் காட்டி வீட்டுக்காரருக்கு விளக்குவது வீண். மாடல் இன்ஃபோவில் ஜியோ-லொகேஷன் போய் இடத்தைக் கையால் கொடுங்கள்: ராமநாதபுரத்துக்கு 9.37 வடக்கு, 78.83 கிழக்கு, ராமேஸ்வரத்துக்கு 9.28, 79.31. ஷேடோஸில் நேர மண்டலம் +5:30. பச்சை அச்சு வடக்கு. ரோட்டைக் கீழே வைத்து வரைந்த பிளானை வடக்குக்குத் திருப்ப மறக்க வேண்டாம். ஸ்வீட் ஹோம் 3டியில் திசைகாட்டியை டபுள் கிளிக் செய்தால் இதே விவரங்கள் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க ஓர் உரைகல். நேர் தெற்குப் பார்த்த சுவரில் 2 அடி சன்ஷேட் வைத்து, டிசம்பர் 21, பகல் 12.12 மணி என்று கொடுங்கள். நிழல் ஷேடின் அடியிலிருந்து 3 அடி 1 அங்குலம் அளவுக்கு இறங்க வேண்டும். ஓர் அடியோடு நின்றுவிட்டால் மாடல் இன்னும் போல்டரில் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் நிழல் தெற்கே சாய்ந்து, வெயில் வடக்குச் சுவரில் விழுந்தால் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். நம் அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கேதான்.

பனை, தென்னை கட்-அவுட்களின் நிழல் கட்டமாக விழுவதும் கோளாறு இல்லை. பிஎன்ஜி படத்தின் வெற்றிடத்தை நிழல் கணக்கு பார்ப்பதில்லை. மட்டைகளின் ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டு வெளிப்பகுதியை வெட்டுங்கள். பொறுமை இல்லையென்றால் எண்டிட்டி இன்ஃபோவில் நிழல் விழுவதை நிறுத்துங்கள். கண்ணாடிக்கு ஒபாசிட்டி (ஒளி புகாத அளவு, சதவீதத்தில்) 70க்குக் கீழே இருந்தால் நிழல் விழாது, மேலே போனால் விழும்.

வாசலில் தமிழில் வீட்டுப் பெயர் வைத்து, வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறதா? பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்தது அது. நிர்மலா யூஐ அல்லது லதாவில் யூனிகோடாக மறுபடி அடியுங்கள். ஆட்டோகேடில் கேள்விக்குறி வந்தால் டெக்ஸ்ட் ஸ்டைல் எஸ்எச்எக்ஸ் ஃபான்ட்டில் இருக்கிறது, ட்ரூடைப்புக்கு மாற்றுங்கள்.

காலிப் பெட்டியே கிழிந்து தெரிந்தால்

டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்று இருந்தால் டிரைவரே ஏறவில்லை. இரண்டு கார்டு உள்ள லேப்டாப் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய் மென்பொருளைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். ஸ்கெட்ச்அப் 2024 முதல் புது கிராஃபிக்ஸ் இன்ஜின் வந்தது. பழைய கார்டில் அது தகராறு செய்தால் பிரிஃபரன்சஸில் கிளாசிக்குக்குத் திருப்பலாம். ஆட்டோகேடில் கிராஃபிக்ஸ்கான்ஃபிக் கட்டளையில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை ஒருமுறை ஆஃப் செய்து பார்த்தால் யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

கணினியை ஆன் செய்ததும் வரும் பயாஸ் திரையிலேயே நிறப் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் மென்பொருளைத் தொட வேண்டியதில்லை. உப்புக் காற்றில் கார்டு, ரேம் இரண்டின் பொன்னிறக் காலும் மங்கிப்போகும். மின் இணைப்பைக் கழற்றி, கழற்றிய பிறகும் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, ரேமையும் கார்டையும் எடுத்துக் கால்களைப் பென்சில் ரப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். விசிறி இறக்கைகளில் ஈரத்தோடு ஒட்டிய தூசியையும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். மாட்டிய பிறகும் பயாஸில் அதே கோடுகள் என்றால் முதலில் மானிட்டர் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு கார்டை.